தனிப்பேச்சு

கேசட் முடிந்த பிறகு வரும் மௌனத்தைக் கேட்பதற்குத்தான் சுபாஷிணிக்குச் சம்பளம்.

வளைகுடாவுக்குப் போன ஆண்கள் கடிதம் எழுதாமல் கேசட்டில் பேசி அனுப்பிய ஒரு காலம் இருந்தது. ஊருக்குத் திரும்புகிற யார் கையிலாவது கொடுத்துவிடுவார்கள். கேசட் வந்த வீட்டில், கூடத்து நடுவே டேப்ரிக்கார்டரை வைத்துக்கொண்டு மொத்தக் குடும்பமும் சுற்றி உட்காரும். உம்மாவுக்கு சலாம், வாப்பாவின் முட்டிவலிக்குத் தைலம், தம்பி ஒழுங்காகப் படிக்கிறானா என்று ஒரு அதட்டல். மனைவிக்கு ஒரே ஒரு வரி. அத்தனை பேர் முன்னால் அதற்குமேல் என்ன சொல்லிவிட முடியும்?

அதனால் ஒரு வழக்கம் தானாக உண்டாயிற்று. பேச்சை முடித்துவிட்டு நாடாவைச் சும்மா ஓடவிடுவார்கள். கூடத்தில் எல்லாரும் எழுந்து போகிற அளவுக்கு மௌனம். பிறகு, மிகத் தணிந்த குரலில், மனைவியின் பெயர். விஷயம் தெரிந்த பெண்கள், வீட்டில் மற்ற எல்லாரும் தூங்கிய பிறகு, சத்தத்தைக் குறைத்து, அந்தக் கடைசியைத் தனியாகக் கேட்பார்கள். அதற்குத் தனிப்பேச்சு என்று பெயர்.

ராமநாதபுரத்தில் மூடிக்கிடந்த ஒரு ஐஸ் தொழிற்சாலையை ஒலிக்காப்பகமாக மாற்றியபோது, வீடு வீடாகப் போய் அந்தக் கேசட்டுகளைச் சேகரித்தவள் சுபாஷிணிதான். தக்கை பதித்த கனத்த சுவர்கள். உள்ளே வந்து கதவைச் சாத்தினால் தன் ரத்தம் ஓடுகிற சத்தம்கூடக் கேட்பதுபோல இருக்கும். அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு கேசட்டையும் கணினியில் ஏற்றும்போது முதலில் மைக்கில், "காப்பகப் பதிவு. கேட்பவர் சுபாஷிணி" என்று சொல்லுவாள். ஆயிரக்கணக்கான கேசட்டுகளின் முகப்பில் அவள் பெயர் அவள் குரலிலேயே இருந்தது.

அத்தனை பேச்சிலும் தேடுவதற்கு ஒரு இயந்திரம் இருந்தது. செவி என்று அதற்குப் பெயர் வைத்தவன் பெனடிக்ட், தூத்துக்குடிக்காரன், காப்பகத்தின் ஒரே கணினிப் பொறியாளன். வார்த்தையைக் கொடுத்தால் வார்த்தையைத் தேடும். ஒருவரின் குரலைக் கொடுத்தால் அந்தக் குரல் இருக்கும் இடத்தையெல்லாம் தேடும். அந்தக் காலத்து மலிவான ரிக்கார்டர்கள் பழைய பேச்சைச் சரியாக அழிப்பதில்லை என்பதால், மேலே வேறு பேச்சு பதிந்த நாடாக்களிலும் அடியில் மிச்சமிருக்கும் குரலைத் தோண்டி எடுத்துவிடும்.

"அப்பன் குரல் கெடைக்கலேன்னா பிள்ள குரலக் குடுத்தாப் போதும்க்கா. ரத்த சொந்தம்லா, ஊகிச்சிரும்" என்பான் பெனடிக்ட். "நீ மட்டும் ஒரு பாட்டுப் பாடு, ஒங்க வம்சத்தையே பாட வச்சிருதேன்."

தேடி வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தட்டச்சுத் தெரியாது. ஆகவே அவரவர் மைக் முன்னால் உட்கார்ந்து, வேண்டியதை அவரவர் பேச்சிலேயே சொல்லலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். அவர்கள் சொல்லும்போது சுபாஷிணி வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவாள். அதைக் காப்பகத்தில் யாரும் திரும்பப் போட்டுக் கேட்பதில்லை. ஒரு மனைவி தன் புருஷனிடம் கேட்பதை மூன்றாம் ஆள் கேட்பது மரியாதையில்லை என்று அவள்தான் அந்த விதியை வைத்தாள்.

ஜெய்த்தூன் பீவி ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தாள். எழுபதைத் தொட்டிருப்பாள். மாவு மில் வைத்திருந்தவள்.

"மில்லுச் சத்தத்துக்குள்ள காலம்பூரா கத்திக் கத்தியே பேசிட்டேன். இங்கன மெதுவாப் பேசணுமோ?"

"எப்படி வேணாலும் பேசுங்கம்மா. சுவரெல்லாம் தக்கை. வெளிய கேக்காது."

"அது வேறயா! அப்ப உள்ள வச்சு யாரையும் கொன்னாலும் தெரியாதுங்கிறீக."

சிரித்துக்கொண்டேதான் டின்னைத் திறந்தாள். உள்ளே இரண்டு கேசட்டுகள், ஒரு கைக்குட்டையில் சுற்றி.

"இது மொதக் கேசட்டு. கலியாணமாயி மூணாம் மாசம் சவுதிக்குப் போனவுக அனுப்புனது. இது ரெண்டாவது. ஆனா இதுக்குள்ள இப்ப அவுக இல்ல, நாங்கதான் இருக்கோம். அது மேலயே பதில் பேசி அனுப்பிட்டோம்ல."

சுபாஷிணி தலையாட்டினாள். அப்போது எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். ஒரே கேசட் போய்ப் போய் வரும். ஒவ்வொரு பதிலும் தன் கேள்வியை அழித்துவிட்டுத்தான் கடல் தாண்டும்.

"மாமி பேசுனாக, நாத்தனா பேசுனா, அடுத்த வீட்டு ஆளுக வரைக்கும் சலாம் சொன்னாக. கடைசியா எங்கையில மைக்கு வந்துச்சு. அத்தன கண்ணும் என் வாயத்தான் பாக்குது. 'நான் நல்லா இருக்கேன்'னேன். அம்புட்டுத்தான். மிச்சத்த வீணாக்க வேணாம், மகன் ஊருச் சத்தம் கேக்கட்டும்னு மாமி அத ஜன்னல்ல தூக்கி வச்சிட்டாக. பாங்கு சொல்றது, மீன்காரி கூவுறது, எங்க ஆடு கத்துறது எல்லாம் அதுல ஏறிக் கெடக்கு."

"அப்புறம்?"

"அவுககூட ரூமுல இருந்த ஆளுதான் கேசட்ட எங்கிட்ட திருப்பிக் கொண்டாந்து குடுத்தாரு. எல்லாத்தையும் கேட்டாகளாம். ஆடு கத்துற வரைக்கும் காதக் கிட்ட வச்சிக்கிட்டே உக்காந்திருந்தாகளாம். மறுநாளு வேலைக்குன்னு போனவுக, வரல. எங்க போனாக, இருக்காகளா மௌத்தாயிட்டாகளா, இன்னைக்கு வரைக்கும் தாக்கல் இல்ல."

அப்போது ஜெய்த்தூனுக்குத் தனிப்பேச்சு என்று ஒன்று இருப்பதே தெரியாது. புதுப்பெண், சொல்லிக் கொடுக்க யாருமில்லை. பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில், மருதாணி வைத்துக்கொண்டே பெண்கள் அதைப் பேசிச் சிரித்ததைக் கேட்டிருக்கிறாள். மருதாணி காய்வதற்கு முன்னால் எழுந்து வீட்டுக்கு ஓடி, முதல் கேசட்டை முடிவு வரை ஓட விட்டிருக்கிறாள்.

"இருந்துச்சும்மா. 'ஜெய்த்தூன், நீ தனியாத்தான் கேக்குறியா?'ன்னாக. அதோட டேப்பு தீந்துபோச்சு." அவள் இரண்டாவது கேசட்டைத் தொட்டாள். "அப்ப இதுல மிச்சத்தச் சொல்லியிருப்பாகள்ல? நான் கேக்காம, அது மேல ஆட்டக் கத்த விட்டுட்டேன். என்ன கேட்டாக? நான் பதில் சொல்லாததாலதான் போயிட்டாகளா? அது தெரியணும். வேற ஒண்ணும் வேணாம்."

சுபாஷிணி மைக்கை அவள் பக்கம் நகர்த்திவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கண்ணாடி வழியாக அந்த உதடுகள் அசைவது தெரிந்தது. மில்காரியின் வாய் அல்ல அது. அவ்வளவு சின்னதாக அசைந்தது.

இரண்டு நாளில் செவி கண்டுபிடித்துவிட்டது. பாங்குக்கும் ஆட்டுக்கும் அடியிலிருந்து ஒரு ஆணின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல.

"ஜெய்த்தூன், தனியாத்தான் இருக்கியா? நான் வரவா, வேணாமா? ஒரு வார்த்த சொல்லு. நீ ஒண்ணும் சொல்லலேன்னா, நான் வரல."

பெனடிக்ட் ஹெட்போனைக் கழற்றினான். "அவருதான்க்கா. மொதக் கேசட்டுக் குரலோட அப்படியே பொருந்துது. மெஷினுக்குச் சந்தேகமே இல்ல."

இதை எப்படி அந்தப் பெண்ணிடம் கொடுப்பது? அவள் எந்த அளவுக்குத் தயாராக இருக்கிறாள் என்று தெரிந்தாலாவது பக்குவமாகச் சொல்லலாம். அதற்காக மட்டும்தான், முதல்முறையாக, தான் வைத்த விதியைத் தானே மீறினாள். ஜெய்த்தூன் மைக்கில் சொன்னதைப் போட்டாள்.

"மச்சான், என்ன கேட்டீக? 'நான் வரவா, வேணாமா, ஒரு வார்த்த சொல்லு, நீ ஒண்ணும் சொல்லலேன்னா நான் வரல'ன்னு கேட்டீகளா?"

அதே வார்த்தைகள். மூச்சு எடுத்த இடங்கள்கூட அவைதான்.

முதலில், அந்தப் பெண் சரியாக ஊகித்திருக்கிறாள் என்றுதான் சுபாஷிணி நினைக்க விரும்பினாள். விரும்பியதால்தான் சந்தேகம் வந்தது. இதற்கு முன்னால் கொடுத்த முடிவுகளை எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் அதைத் தேடி வந்தவர் சொன்னதையும் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். புருஷன் தன்னைச் சந்தேகப்பட்டானா என்று கேட்டிருந்த பெண்ணுக்கு, சந்தேகப்படும் குரல் கிடைத்திருந்தது. அப்பா தன்னை மன்னித்தாரா என்று கேட்டவனுக்கு மன்னிப்பு. மறைத்து வைத்த நகை அண்ணனிடம் போனதா என்று கேட்ட மகனுக்கு, அதை அண்ணனிடம் கொடுத்ததாக ஒரு சாட்சியம். அந்த அண்ணனும் தம்பியும் இப்போது பேசிக்கொள்வதில்லை என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள்.

"பெனடிக்ட், புதுக் கேசட் ஒண்ணு வேணும். பிரிக்காதது."

கிடங்கில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத பழைய கேசட்டுகள் கொஞ்சம் இருந்தன. யார் குரலும் ஏறாத நாடா. அவள் ஒன்றைப் பிரித்துப் போட்டு, பழக்கத்தில் "காப்பகப் பதிவு. கேட்பவர் சுபாஷிணி" என்றாள். பிறகு தேடுவதற்கு ஏதாவது கேட்க வேண்டும். சோதனைக்கு எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம், மழை வருமா என்றுகூட. ஆனால் மைக்கின் அருகே வாய் போனதும் வேறு ஒன்று வந்தது.

"அப்பா, கோவம் போயிடுச்சா?"

பெனடிக்ட் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவள் கணவனை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து அப்பா அவளோடு பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே பாத்திரத்துச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, பேசாமலே இருந்து பேசாமலே செத்துப்போனார். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லுவதற்கு என்ன இருக்கிறது, நடக்காத ஒன்றைப் பற்றி?

நாடா ஓடியது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அபுதாஹிரின் குரல், ஜெய்த்தூனின் புருஷனின் குரல், ஸ்பீக்கரில் தெளிவாக வந்தது.

"சுபாஷிணி, நீ தனியாத்தான் கேக்குறியா?"

பெனடிக்ட் எழுந்து நின்றுவிட்டான். "சேசுவே."

"ஒண்ணுமே இல்லாத டேப்பு."

"கேசட்டுல எந்தப் பொம்பள பேரு கேக்குதோ, அந்தப் பேரத்தான் கடைசில ஆம்பள கூப்பிடுவான்னு படிச்சு வச்சிருக்கு. இதுல மொகப்புல நீ சொன்ன ஒம் பேரு மட்டுந்தான். கொரலு, கடைசியாக் குடுத்தது கெடக்குலா, அத எடுத்துக்கிட்டு." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நாடாவுல அழிஞ்சும் அழியாமலும் ஒரு இரைச்சல் கெடக்கும். அதுக்குள்ள வார்த்தையத் தேடணும்னா, எந்த வார்த்தைன்னு அதுக்கு ஒரு துப்பு வேணும்க்கா. ஆளுங்க மைக்குல சொன்னதத்தான் துப்பா எடுத்திருக்கு. என்ன தேடுதேன்னு சொல்லிட்டோம். தேடிக் குடுத்திருச்சு."

"நாம ஒரு தடவையாவது போட்டுக் கேட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

"மரியாத பாத்தோம்" என்றான் பெனடிக்ட். அவன் கேலி பண்ணவில்லை.

மறுநாள் காலை பூராவும் அவள் ஃபோன் பேசினாள். நாங்கள் கொடுத்த குரல் உண்மையில்லை, இயந்திரம் தானாகச் செய்தது, மன்னிக்க வேண்டும். சிலர் திட்டினார்கள். சிலர் வைத்துவிட்டார்கள். மன்னிப்புக் கிடைத்தவன் மட்டும் நிதானமாகக் கேட்டான்.

"உங்களுக்கு எங்கப்பாவைத் தெரியுமா மேடம்?"

"தெரியாது."

"அப்ப அது அவரு இல்லேன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?"

அவளிடம் பதில் இருந்தது. சொல்லிப் பார்த்தாள். அவன் அதைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க" என்றான், ஒரு நோயாளியிடம் சொல்வதைப்போல.

ஜெய்த்தூனிடம் ஃபோனில் சொல்ல முடியவில்லை. அவளே மத்தியானம் வந்தாள், நல்ல புடவை கட்டிக்கொண்டு. சுபாஷிணி அவளை உட்கார வைத்து, ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். நாடாவின் அடியில் என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது, நீங்கள் கேட்டதையே அது அவர் குரலில் திருப்பிச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான் என்றாள்.

ஜெய்த்தூன் ஸ்பீக்கர் பக்கம் திரும்பினாள்.

"போடும்மா, கேப்போம்."

"அது அவர் இல்லம்மா."

"காது கேக்குது எனக்கு. போடு."

போட்டாள். கிணற்றுக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்து போயிற்று. ஜெய்த்தூனின் முகத்தில் எந்த அதிர்ச்சியும் இல்லை. தினமும் வருகிற பால்காரர் குரலைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"இதத்தான் நானும் கேட்டுக்கிட்டுருக்கேன்" என்றாள். "மருதாணி வச்ச கையோட ஓடுனேன்ல, அன்னைக்கு ராத்திரிலேருந்து. மில்லு ஓடுறப்ப, தொழுறப்ப, பஸ்ஸுல போறப்ப, இதே கொரல்ல இதே கேள்வி. நான் உண்டாக்குனதுதான். எனக்குத் தெரியாமயா இருக்கும்? ஒங்க மிஷினு புதுசா என்ன பண்ணிருச்சு? எங்காதுக்குள்ள இருந்தத வெளிய எடுத்து வச்சிருக்கு. ஒங்களுக்கும் கேக்குதுல்ல இப்ப?"

"கேக்குது."

"அது போதும். ஒத்த ஆளாக் கேட்டுக்கிட்டுருந்தேன்." அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியை முன்னால் இழுத்தாள். "அந்தக் கேசட்ட டேப்புல போடும்மா. ஆடு கத்துற எடத்துக்குக் கொண்டு வா."

"எதுக்கும்மா?"

"பதில் பேசணும்ல."

காப்பகத்துக்கு வந்த நாடாவின்மேல் யாரும் எதையும் பதியக்கூடாது. சுபாஷிணி தன் வாழ்நாளில் செய்யாத ஒன்று அது. அவள் பழைய ரிக்கார்டரை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். கேசட்டைப் போட்டு, ஆடு கத்தும் இடத்துக்கு ஓட்டினாள். பிறகு எப்போதும்போல வெளியே போவதற்குக் கதவைத் திறந்தாள்.

"எங்க போறே? இரு. அன்னைக்கும் எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான இருந்தாக."

ஜெய்த்தூன் பதிவதற்கான இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினாள். விரல்களுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. நாடா சுழன்றது. மில்காரியின் முழுக் குரல் தக்கைச் சுவர்களில் போய் மோதியது.

"மச்சான், ஜெய்த்தூன் பேசுறேன். வர வேணாம். நான் நல்லா இருக்கேன்."

நிறுத்தினாள். சுபாஷிணி அதை நகல் எடுத்துக் கொடுத்ததும், ஜெய்த்தூன் டின்னுக்குள் கேசட்டுகளை வைத்து மூடியை அழுத்தினாள். வாசல் வரை வந்த சுபாஷிணியின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, "சாப்பிட்டியா? மூஞ்சி வாடிக் கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாலையில் பெனடிக்ட் தன் அறையிலிருந்து கூப்பிட்டான்.

"யக்கா, அந்த ஆளக் காணோம்."

"யாரை?"

"அபுதாஹிர. பழைய முடிவையெல்லாம் அழிக்கணும்லா, அதுக்காக அவரு குரலத் தேடச் சொன்னேன். மொதக் கேசட்டோட நகல் இங்கதான் இருக்கு. இதோ ஓடுது, கேளு, பேசுதாரு. ஆனா செவி, அப்படி ஒரு குரலே இல்லங்குது."

ஸ்பீக்கரில் ஒரு இளம் ஆண், உம்மாவுக்கு சலாம் சொல்லிக்கொண்டிருந்தான். திரையில், தேடிய குரல் எங்கும் இல்லை என்று இருந்தது. பெனடிக்ட் இரண்டு மூன்று முறை முயன்றான்.

"அந்தம்மா பதில் பேசுனத நகல் எடுத்து ஏத்துனியாக்கா?"

"வழக்கம்போல ஏத்துனேன்."

அவன் திரையை அணைத்தான். "ஏதோ கோளாறு. நாளைக்கு மொத்தமா நிறுத்திருவோம்க்கா. இன்னைக்குப் போதும்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். அவன் பைக் முக்கைத் திரும்புகிற சத்தம் தேய்ந்தது.

சுபாஷிணி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தாள். ஒலியறையில் அந்தப் புதுக் கேசட், செவியோடு இணைந்த இயந்திரத்திலேயே இன்னும் இருந்தது. எடுத்துவிடலாம் என்று பொத்தானை அழுத்தப் போனவள், கை தவறியதா என்று அவளுக்கே தெரியாது, ஓடவிட்டாள்.

வெற்று நாடாவின் இரைச்சல். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அவள் அந்தச் செருமலை அறிவாள். குளியலறையிலிருந்து வரும், வாசலில் செருப்பை விடும்போது வரும். அவள் அறையைக் கடந்து போகும்போது, நிற்பதற்கு முன்னால் வந்து, நிற்காமலே போகும். அப்பாவின் குரலை அவள் யாரிடமும் கொடுத்ததில்லை. பிள்ளை குரலைக் கொடுத்தால் போதும் என்று பெனடிக்ட் சொல்லியிருந்தான். ஆயிரக்கணக்கான கேசட்டுகளின் முகப்பில் அவள் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"சுபாஷிணி."

எல்லாருக்கும் அவள் சுபா, சுபாக்கா, மேடம். முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

"நீ தனியாத்தான் கேக்குறியா?"

எல்லாம் அவளுக்குத் தெரியும். எங்கிருந்து வந்த குரல், எங்கிருந்து வந்த வார்த்தை, அடுத்து என்ன சொல்லும் என்பதுகூட. அன்று காலை முழுவதும் இருபது வீடுகளுக்கு அதைத்தான் அவள் விளக்கியிருந்தாள்.

அவள் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். தெருவில் யாருமில்லை. கனத்த கதவை உள்பக்கமாகச் சாத்தினாள். திரும்பி வந்து, நாற்காலியை மைக்கின் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஆமாப்பா" என்றாள். "தனியாத்தான்."